ஹம்ப்ரி போகார்ட்டிடம் அப்படி என்னதான் இருந்தது?

கொக்குவில் பொடியன் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் சனசமூக நிலையத்தில் மாதம் ஒரு படம் போடுகிறோம். புரொஜெக்டரும் வெள்ளைச் சீலையும் கைவசம் உண்டு, கதிரைகளைப் பக்கத்துக் கோவில் மண்டபத்தில் வாங்கிக்கொள்வோம். இதுவரை தமிழ், மலையாளம், ஈரான் என்று ஓடிவிட்டது. அடுத்ததாகப் பழைய ஹொலிவூட் நடிகர் ஒருவரை எடுத்து, அவருடைய படங்கள் மூன்றைத் தொடர்ந்து போடலாம் என்று யோசனை.

தேடிப் பார்த்ததில், அமெரிக்கத் திரைப்பட நிறுவகம் 1999இல் வெளியிட்ட பட்டியலில் ஆண் நட்சத்திரங்களில் முதலிடம் ஹம்ப்ரி போகார்ட்டுக்கு. கேரி கிரான்ட் இரண்டாவது, ஜேம்ஸ் ஸ்டூவர்ட் மூன்றாவது, மார்லன் பிராண்டோவே நான்காவதுதான். சரி என்று கசபிளாங்கா பார்த்தேன். படம் பிடித்தது. அவரைத்தான் பிடிபடவில்லை. ஆள் உயரமில்லை, முகம் களைத்துப்போய்க் கிடக்கிறது, மேலுதடு அசையாமல் பேசுகிறார், சிரிப்பதற்குக் காசு கேட்பார்போல. பிராண்டோவுக்கு மேலே இவரா? அந்தக் காலத்து ஆட்கள் தங்கள் இளமைக்குப் போட்ட வாக்கா இது? படம் பார்க்க வருகிற சனத்துக்கு முன்னால் நின்று நான்தான் விளக்க வேண்டும். விக்கிபீடியாவைக் காட்டாதீர்கள், வாசித்துவிட்டேன்.

சந்தையடி எழுதியது:

தம்பி, பேசாமல் கிரகரி பெக்கைப் போடும். ஆளும் வடிவு, குரலும் வடிவு. இலங்கைக்கே வந்து நடித்துவிட்டுப் போன மனிதர். 1954இல் வந்த ‘த பேர்ப்பிள் பிளெயின்’ பர்மாவில் நடக்கிற கதை, ஆனால் எடுத்தது இங்கே. அதை நோட்டீசில் போட்டாலே கதிரை நிரம்பிவிடும்.

பழைய கசெற்காரன் எழுதியது:

பெக்கில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் தம்பி கேட்டது போகார்ட்டைப் பற்றி, அதற்கு வருவோம்.

எண்பதுகளில் யாழ்ப்பாணம் ரவுணில் வீடியோக் கசெற் வாடகைக் கடை வைத்திருந்தேன். ரி.வி, டெக் இரண்டையும் சேர்த்து இரவு வாடகைக்குக் கொடுத்த காலம். சின்ன வயதில் முத்தவெளிப் பக்கம் இருந்த றீகல் தியேட்டரில் இங்கிலிஸ் படம் பார்த்து வளர்ந்தவன் என்பதால், கொழும்பிலிருந்து தமிழ், ஹிந்திக் கசெற்றுகள் எடுப்பிக்கும்போது நாலைந்து பழைய இங்கிலிஸ் படமும் சொல்லிவிடுவேன். நட்டம்தான். ஆனாலும் எந்த நடிகர் நிற்பார், எந்த நடிகர் கரைவார் என்பதை அந்த மேசைக்குப் பின்னால் இருந்து பார்த்த அளவுக்கு வேறெங்கும் நான் பார்த்ததில்லை. ஒருவரை நட்சத்திரமாக்குவது படம் புதிதாக ஓடுகிற முதல் ஓட்டம். காலத்துக்கும் நிற்பவராக்குவது, படம் பழசான பிறகு திரும்ப ஓடுகிற இரண்டாம் ஓட்டம். போகார்ட்டின் கதை முழுக்க இரண்டாம் ஓட்டத்தின் கதை.

முதலில் ஒன்று. அவர் தெருவிலிருந்து வந்த முரடன் இல்லை. 1899ஆம் ஆண்டு நத்தார் தினத்தில் நியூயோர்க்கில் பிறந்தவர். தகப்பன் டொக்டர், தாய் மோட் ஹம்ப்ரி பெயர்பெற்ற ஓவியர். நல்ல பள்ளிக்கூடத்தில் விட்டார்கள், அங்கிருந்து துரத்திவிட்டார்கள். கடற்படையில் கொஞ்சக்காலம். இருபதுகள் முழுக்க நாடக மேடையில் பணக்கார வீட்டுப் பிள்ளை வேடங்கள். மடிப்புக் கலையாத சேட்டும் கையில் ரெனிஸ் மட்டையுமாக வந்து போகிற வகை. அப்படியே போயிருந்தால் இன்றைக்கு யாருக்கும் அவர் பெயர் தெரிந்திருக்காது.

1935இல் ‘த பெட்ரிஃபைட் ஃபொரஸ்ட்’ நாடகத்தில் டியூக் மான்ரீ என்ற தப்பியோடிய கொலைகாரன் வேடம் கிடைத்தது. அப்போது வயது முப்பத்தைந்து. நாடகத்தின் கதாநாயகன் லெஸ்லி ஹவர்ட். வோர்ணர் பிரதர்ஸ் ஸ்ரூடியோ அதைப் படமாக்க வாங்கியபோது, மான்ரீ வேடத்தை எட்வேர்ட் ஜி. ரொபின்சனுக்குக் கொடுக்கப் பார்த்தது. போகார்ட் இல்லையென்றால் நானும் இல்லை என்று ஹவர்ட் ஜாக் வோர்ணருக்குத் தந்தி அடித்தார். 1936இல் படம் வந்தது. போகார்ட் அதை மறக்கவில்லை. 1952இல் பிறந்த மகளுக்கு லெஸ்லி ஹவர்ட் போகார்ட் என்றே பெயர் வைத்தார். ஹவர்ட் அதைப் பார்க்க இருக்கவில்லை, 1943இல் அவர் பயணம் செய்த விமானத்தை ஜேர்மனியர் சுட்டு வீழ்த்திவிட்டார்கள்.

அதோடு ஏறிவிட்டார் என்று நினைக்காதேயும். அடுத்த நாலைந்து வருடம் வோர்ணரின் நட்சத்திர வரிசையில் ஜேம்ஸ் கக்னி, ரொபின்சன், ஜோர்ஜ் ராஃப்ட் எல்லோருக்கும் பின்னால் நின்றார். வேலை என்ன? கடைசி ரீலில் கக்னியிடமோ ரொபின்சனிடமோ வெடி வாங்கிச் சாவது. 1939இல் ஒரு பேய்ப்படத்தில் முகத்துக்கு வெள்ளை பூசி, செத்து எழும்பியவனாகக்கூட நடிக்க விட்டார்கள். ஒப்பந்தம் அப்படி. கொடுத்த வேடத்தை மறுத்தால் சம்பளம் நிற்கும்.

பிறகு 1941. ‘ஹை சியரா’ என்ற கதையை ராஃப்ட் வேண்டாம் என்றார், கடைசியில் சாக அவருக்கு விருப்பமில்லை. அது போகார்ட்டிடம் வந்தது. அதிலும் முதல் பெயர் ஐடா லுப்பினோவுடையது. அதே வருடம் ‘த மோல்ட்டீஸ் ஃபல்கன்’. முன்பே இரண்டு தரம் படமான கதை, இயக்குநர் ஜோன் ஹியூஸ்டனுக்கோ அதுதான் முதல் படம். ராஃப்ட் அதையும் தள்ளிவிட்டார். அதுவும் போகார்ட்டுக்கு.

அதிர்ஷ்டம் என்று சொல்லலாம், நான் சண்டைக்கு வரமாட்டேன். ஆனால் ஃபல்கனில் ஒரு இடத்தைப் பாரும். போகார்ட் நடிக்கிற துப்பறிபவன் ஸ்பேட், ஹோட்டல் அறையில் ஒரு தடித்த மனிதனிடம் கத்திக் குழறி, கண்ணாடிக் குவளையை உடைத்துவிட்டு, கதவை அடித்துச் சாத்திக்கொண்டு வெளியே வருகிறான். ஓடைபோன்ற நடைபாதையில் தனியே வரும்போது முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு. ஓகோ, கோபம் முழுக்க நடிப்பா என்று நாம் நினைக்கிற நேரத்தில், தன் கையைப் பார்க்கிறான். கை நடுங்குகிறது. அதைப் பார்த்து அவனுக்கே இன்னொரு சிரிப்பு. பொய்க் கோபமா மெய்க் கோபமா? இரண்டும். சில விநாடி, ஒரு வசனம் இல்லை. ரெனிஸ் மட்டைப் பொடியனால் இதைச் செய்திருக்க முடியாது, வெறும் வில்லனாலும் முடியாது. இவன் நல்லவனா, இப்போது என்ன செய்வான் என்று தெரியாமல் பார்க்கவைக்கிற முகம் அது. வருடக்கணக்காக வில்லனாக அடி வாங்கியதில் வந்த முகம். நம்பியாருக்கு நாற்பது வயதில் திடீரென்று எம்.ஜி.ஆரின் வேடத்தைக் கொடுத்து, ஆனால் நம்பியாரின் கண்ணை எடுக்காமல் விட்டால் எப்படி இருக்கும்? அதுதான்.

இனி இரண்டாம் ஓட்டம். 1956இல் வோர்ணர் நிறுவனம் 1950க்கு முந்திய தன் படங்களை மொத்தமாக 2 கோடி 10 இலட்சம் டொலருக்கு விற்றது. வாங்கியவர்கள் அவற்றைத் தொலைக்காட்சி நிலையங்களுக்கு விட்டார்கள். அமெரிக்காவில் இரவிரவாகப் பழைய வோர்ணர் படங்கள் ஓடத்தொடங்கின. 1957 ஜனவரி 14இல் போகார்ட் உணவுக்குழாய்ப் புற்றுநோயில் இறந்தார், வயது 57. மனிதர் போன நேரமும் படங்கள் வீட்டுக்குள் வந்த நேரமும் ஒன்றாக அமைந்தன. அதே காலத்தில் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் பிரட்டில் என்ற சின்னத் தியேட்டர் அவருடைய படங்களைத் திரும்பப் போட்டது. பரீட்சைக் காலத்தில் மாணவர் கூட்டமாக வந்து வசனங்களைச் சேர்ந்து சொன்னார்கள். அப்பன்மார் பார்த்த நடிகரைப் பிள்ளைகள் தங்கள் ஆளாக எடுத்துக்கொண்டது அங்கேதான். 1960இல் பிரான்சில் கொதார் எடுத்த ‘பிரெத்லெஸ்’ படத்தில் கதாநாயகன் பெல்மொண்டோ தியேட்டர் வாசலில் போகார்ட்டின் படத்தைப் பார்த்தபடி பெருவிரலால் உதட்டைத் தடவுவான். அதோடு கடல் தாண்டியாயிற்று.

ரி.வியில் ஓடினால் யாரும் நிற்கலாமே என்று கேட்பீர். ராஃப்ட்டின் வோர்ணர் படங்களும் அதே மூட்டையில்தான் போயின. ‘தே டிரைவ் பை நைட்’ என்ற 1940ஆம் ஆண்டுப் படத்தில் இரண்டு பேரும் லொறி ஓட்டும் அண்ணன் தம்பி. கதாநாயகன் ராஃப்ட், கையை இழக்கிற சகோதரன் போகார்ட். இன்றைக்குப் பார்த்தால் கண் எந்தப் பக்கம் போகிறது என்று நீரே பாரும்.

என் கடையிலும் இதுதான். புதுப்படக் கசெற் வந்தால் இரண்டு கிழமை ஆலாய்ப் பறப்பார்கள், பிறகு தூசி. கசபிளாங்காவை எடுப்பதற்கென்றே ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் வருவார். சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, கசெற் உள்ளே இருக்கிறதா என்று பெட்டியைத் திறந்து பார்த்துத்தான் காசு தருவார். ரேப் தேய்ந்து, படத்தின் மேல்பக்கம் கோடு கோடாக வரும், சத்தம் இழுபடும். புதுப் பிரதி எடுப்பிக்கிறேன் என்றால், வேண்டாம், விமான நிலையக் கட்டம் தெளிவாக இருக்கிறது, அது போதும் என்பார். கதை தெரிந்த பிறகும் அந்த முகத்தில் இன்னும் பார்க்க ஏதோ மிச்சம் இருந்தது அவருக்கு.

ஸ்காபரோ அக்கா எழுதியது:

கசெற்கார அண்ணை, நன்றாக எழுதினீர்கள், ஆனால் பெண்களை மறந்துவிட்டீர்கள். கசபிளாங்காவுக்கு முந்திய போகார்ட்டை எந்தப் பெண்ணும் காதலனாகப் பார்த்திருக்கமாட்டாள். அதன் கதாநாயகி இங்ரிட் பேர்க்மன் அவரைவிட உயரம், ஒன்றாக நிற்கிற காட்சிகளுக்குப் போகார்ட் சப்பாத்தை உயர்த்திப் போட வேண்டியிருந்தது. அப்படிப்பட்ட ஆளைப் பேர்க்மன் கண்ணில் நீர் தளும்பப் பார்க்கிறார். அந்தப் பார்வைதான் எங்களுக்குச் சொன்னது, இந்த மனிதனுக்குள்ளே எதையோ உடைத்துவிட்டுப் போயிருக்கிறாள் என்று. முகம் அவருடையது, அதில் வெளிச்சம் போட்டது பேர்க்மன்.

அடுத்தது லோரன் பக்கோல். 1944இல் ‘டு ஹாவ் அன்ட் ஹாவ் நொட்’ எடுக்கும்போது அவவுக்கு 19, அவருக்கு 44. எங்கள் வீடுகளில் என்றால் கதவைச் சாத்தியிருப்பார்கள். நான் இன்றும் அந்த வயது வித்தியாசத்தை ரசிக்கிற ஆள் இல்லை. ஆனால் திரையில் அவ அவருக்குப் பயப்படவே இல்லை, அதுதான் விசேஷம். அவர் ஒன்று சொன்னால் அவ அரைப் புன்னகையோடு இரண்டு சொல்வா. முரடன் என்று பெயரெடுத்த ஆள் ஒரு சின்னப் பெண்ணிடம் தோற்று நிற்கிறதை அவர் சந்தோசமாக நடித்தார். 1945இல் கல்யாணம் செய்தார்கள், அவர் சாகும்வரை சேர்ந்தே இருந்தார்கள்.

இன்னொன்று, ‘த ஆஃப்ரிக்கன் குவீன்’. 1951. தாடி வழிக்காமல், ஜின் குடித்துக்கொண்டு, காத்தரின் ஹெப்பேர்னிடம் திட்டு வாங்கும் படகுக்காரன். அட்டை கடித்த காட்சியில் குழந்தைபோல நடுங்குவார். ஒஸ்கார் கிடைத்தது இதற்குத்தான், அந்த வருடப் போட்டியில் பிராண்டோவும் இருந்தார். தம்பியின் கேள்விக்கு அதுவே ஒரு பதில்! கசபிளாங்காவுக்கு அவருக்கு விருது இல்லை, பெயர் பிரேரித்ததோடு சரி.

வடமராட்சி வாசகன் எழுதியது:

எல்லோரும் மாலை போடுகிறீர்கள். திரையில், கசபிளாங்காவில் அவர் நடித்த ரிக் கடைசியில் துணிந்து நிற்கிறான், மெய்தான். 1947இல் ஹொலிவூட்டில் கம்யூனிஸ்ட் வேட்டை நடந்தபோது, போகார்ட்டும் பக்கோலும் ஹியூஸ்டனும் இன்னும் பலரும் அமெரிக்கக் காங்கிரஸ் குழுவின் விசாரணையைக் கண்டித்து வோஷிங்டனுக்கு விமானம் ஏறினார்கள். அதுவரை நல்லது. பத்திரிகைகள் திரும்பிக் கடித்ததும், 1948இல் தான் கம்யூனிஸ்ட் இல்லை என்று ஒரு சினிமாச் சஞ்சிகையில் தன் பெயரிலேயே கட்டுரை வந்தது. நண்பர்கள் சிலர் சிறைக்கும் போனார்கள், வேலையும் இழந்தார்கள். சனசமூக நிலையத்தில் பேசும்போது இதையும் சொல்லுங்கள்.

கொக்குவில் பொடியன்:

எல்லோருக்கும் நன்றி, எதிர்பார்த்ததைவிட அதிகம் கிடைத்துவிட்டது. கசெற்கார ஐயா, இரண்டு கேள்வி. ஒன்று, கசபிளாங்காவில் முதலில் ரொனால்ட் ரேகன் நடிக்க இருந்தார் என்று எங்கள் குழுவில் ஒருவர் அடித்துச் சொல்கிறார். உண்மையா? இரண்டு, வடமராட்சி அண்ணை சொன்னதற்கு நீங்கள் என்ன சொல்வீர்கள்?

பழைய கசெற்காரன்:

ரேகன் கதை, ஸ்ரூடியோவின் விளம்பரப் பிரிவு 1942 ஜனவரியில் பத்திரிகைக்குக் கொடுத்த துணுக்கிலிருந்து வந்தது. ரேகனும் ஆன் ஷெரிடனும் நடிப்பார்கள் என்று போட்டார்கள். நடிகர்களின் பெயர் பத்திரிகையில் அடிபட வேண்டும் என்பதற்காக அவர்கள் அப்படி எதையும் கொடுப்பார்கள். ரேகன் அந்த வருடமே இராணுவச் சேவைக்குப் போய்விட்டார். தயாரிப்பாளர் ஹால் வலிஸ் மனதில் வைத்திருந்தது போகார்ட்டைத்தான். வேடிக்கை என்னவென்றால், இந்த முறை அந்த வேடத்தைக் கேட்டவர் ராஃப்ட், கிடைக்கவில்லை.

1948 கட்டுரை பற்றி வடமராட்சியார் சொன்னது சரி. பயந்தார். அவர் பயந்ததை விமர்சிக்க அமெரிக்காவில் இருந்தவர்களுக்கு உரிமை உண்டு. எது பேசலாம், எது பேசக்கூடாது என்று கதவைச் சாத்திவிட்டுக் கதைத்த ஊரிலிருந்து நான் கல்லெறியப் போவதில்லை. ஆனால் மறைக்கவும் வேண்டாம். ஒன்று மட்டும் கவனியும். அந்தக் கட்டுரையை ஒட்டியும் அதற்குப் பிறகும் வந்த வேடங்களைப் பாரும். 1948இல் ‘த ட்ரெஷர் ஒஃப் த சியரா மாட்ரே’யில் தங்கப் பேராசையில் மூளை கலங்கி, கூட வந்தவர்களையே சந்தேகிக்கிற டொப்ஸ். அது கட்டுரைக்கு முன்பே எடுத்து முடித்தது என்றாலும், அந்தப் பாதையில் அவர் நின்றுவிடவில்லை. 1950இல் தன் சொந்தக் கம்பனி சந்தானாவில் எடுத்த ‘இன் எ லோன்லி பிளேஸ்’. கோபத்தை அடக்கத் தெரியாத திரைக்கதை எழுத்தாளன், கொலைச் சந்தேகம் அவன்மேல். காதலிக்கிறவளே அவனைப் பார்த்துப் பயப்படுகிறாள், நாமும் பயப்படுகிறோம். 1954இல் ‘த கேய்ன் மியூட்டினி’யில் சாட்சிக் கூண்டில் இரும்புக் குண்டுகளை உள்ளங்கையில் உருட்டி உருட்டி உடைந்துபோகிற கப்பல் தலைவன். தன்னை வீரனாக்கிய முகத்தையே எடுத்து, கோழையாகவும் பேராசைக்காரனாகவும் பைத்தியமாகவும் காட்ட எத்தனை நட்சத்திரம் சம்மதிக்கும்? எங்கள் பக்கத்து நட்சத்திரங்களை நினைத்துப் பாரும். விசிறிகள் தியேட்டரைக் கொளுத்திவிடுவார்கள்.

அக்கா சொன்ன பேர்க்மன் விசயத்தை ஏற்றுக்கொள்கிறேன். பக்கோல் விசயத்தில் ‘த பிக் ஸ்லீப்’பையும் சேர்த்துக்கொள்ளுங்கள், கதை யாருக்கும் விளங்காது, அதற்காக யாரும் பார்க்கவும் இல்லை.

இப்போது நிகழ்ச்சிக்கு. கசபிளாங்காவை முதலில் போடவேண்டாம். அதை முதலில் பார்ப்பவர்களுக்கு, நீர் கேட்ட கேள்விதான் வரும். ‘தே டிரைவ் பை நைட்’டில் ஒரு பதினைந்து நிமிடத் துண்டைப் போட்டு, ஓரத்தில் நிற்கிற ஆளைக் காட்டும். அதே இரவு ஃபல்கன். நடைபாதையில் கை நடுங்குகிற இடத்தை முன்கூட்டிச் சொல்லிவிடாதேயும். அடுத்த மாதம் கசபிளாங்கா. அதில் அவர் அறிமுகமாவதைக் கவனிக்கச் சொல்லும்: முதலில் காசோலையில் கையெழுத்திடுகிற கை, பிறகு சதுரங்கப் பலகை, சிகரெட், அதற்குப் பிறகுதான் முகம். எதிரே ஆள் இல்லாமல் தனியே விளையாடுகிறார். மனிதர் நிசத்திலும் நல்ல சதுரங்க ஆட்டக்காரர். மூன்றாவது ‘லோன்லி பிளேஸ்’.

சந்தையடி:

இரும்புக் குண்டு உருட்டுகிற காட்சி எனக்கும் ஞாபகம் இருக்கிறது. சரி, பெக்கை அடுத்த வருடம் போடுங்கள்.

கொக்குவில் பொடியன்:

அப்படியே செய்கிறோம் ஐயா. ஒரு சிக்கல்: ‘லோன்லி பிளேஸ்’ படத்துக்குத் தமிழ் உபதலைப்பு எங்கும் கிடைக்கவில்லை. ஃபல்கனிலும் வசனம் வேகம், ஆங்கில உபதலைப்பை வைத்து எங்கள் அம்மாமாரால் ஓடிப்பிடிக்க முடியாது.

ஸ்காபரோ அக்கா:

ஆங்கில உபதலைப்புக் கோப்பை எனக்கு அனுப்பும் தம்பி. இங்கே பனிக்காலம், வெளியே போகிற வேலை இல்லை. ஃபல்கனைத் தமிழாக்கி இரண்டு கிழமையில் தருகிறேன். மற்றதை அண்ணை பிரித்து எடுக்கட்டும்.

பழைய கசெற்காரன்:

முதல் பாதி என்னுடையது. இரண்டாம் பாதிக்கு வடமராட்சியார் முன்வரவேண்டும், ஆங்கிலம் அவருக்குத்தான் நன்றாக வரும் என்று நினைக்கிறேன்.